பதினேழு மேடம்

தமிழில் 'சும்மா' என்ற சொல் செய்யாத வேலை கிடையாது. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தால் சும்மா. காசில்லாமல் கிடைத்தால் சும்மா. பொய் சொல்லி மாட்டிக்கொண்டால், "சும்மா சொன்னேன்". திரைக்காரர் இந்தச் சொல்லை ஓர் இடத்தில் மட்டும் தவறவே விடமாட்டார். "வீட்ல என்ன பண்றாங்க?" என்று யாராவது அவர் மனைவியைப் பற்றி விசாரித்தால், "சும்மாதான் இருக்கா" என்பார். கேட்டவர் 'பண்றாங்க' என்று கொடுத்த மரியாதையையும் 'இருக்கா'வில் கழித்துக்கொண்டுதான் பதில் வரும்.

அந்தச் சும்மா இருப்பவளின் நாள் காலை ஆறரை மணிக்கு ஃபோன் அடிப்பதோடு தொடங்கும். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவருக்கு ஒரு கடை. ஜன்னலுக்கும் கதவுக்கும் திரைச்சீலை தைத்து, கம்பி அடித்து, மாட்டிக் கொடுக்கும் தொழில். கடைப் பலகையில் இருப்பதோ வீட்டு நம்பர். ஆரம்பத்தில் கடைக்கு ஃபோன் வாங்க வசதியில்லை. வசதி வந்தபோது, இருக்கிற ஏற்பாடு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார். இருபத்தொரு வயதில் கல்யாணமாகி வந்த மறு வாரமே அவளிடம் ஃபோனைக் காட்டி, "யாராவது கூப்பிட்டா என்னன்னு கேட்டு வை" என்றார். கேட்டு வைத்தாள். இருபத்திரண்டு வருஷம் கேட்டு வைத்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் எண்ணெய் காயும்போது கேட்டாள். மகளுக்குத் தலை பின்னும்போது ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்டாள். எந்த வீட்டில் இடது பக்க ஜன்னல் ஓர் அங்குலம் குறைவு, எந்த வீட்டில் நிறத்தை முடிவு செய்வது மருமகள், எந்த வீட்டில் மாமியார் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

திரைக்காரரின் தொழில் சுத்தம். அவர் தைத்த மடிப்பு அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக விழும். அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி: 'நாளைக்கு'. யார் எப்போது கேட்டாலும் "நாளைக்கு மாட்டிடலாம்" என்பார். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வாய் வராது. அவர் வாயில் நாளைக்கு என்றால் இன்றைக்கு இல்லை என்று பொருள், அவ்வளவுதான். அதை நம்பி லீவு போட்டுவிட்டு வீட்டில் காத்திருந்தவர்கள் மறுநாள் ஃபோனில் பொரிந்து தள்ளுவார்கள். வாங்கிக்கட்டிக்கொள்வதும் சமாதானம் சொல்வதும் அவள் பாடு.

"நாளைக்குன்னு சொல்லாதீங்க, தேதியைச் சொல்லுங்க" என்று அவள் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்.

"தொழில் எனக்குத் தெரியாதா? நீ உன் வேலையைப் பாரு" என்பார். அவள் வேலை எது என்று மட்டும் சொன்னதில்லை.

ஒரு நாள், புதிதாகக் கட்டிய விடுதி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நாற்பது ஜன்னல். நாலு தடவை அடித்துப் பார்த்துவிட்டு அவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். விஷயம் தெரிந்து திரைக்காரர் வீட்டுக்கு வந்து குதித்தார். கூடவே டைல்ஸ் கடை வைத்திருக்கும் அவருடைய சிநேகிதரும் வந்திருந்தார். "வீட்ல சும்மா இருக்கறவளுக்கு ஒரு ஃபோன் எடுக்க முடியல!" தனியாக இருக்கும்போது சொல்லியிருந்தால் வழக்கம்போலக் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். ஓர் அந்நிய ஆள், அவள் போட்டுக் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் சுட்டது.

டைல்ஸ் கடைக்காரர் டீயை உறிஞ்சிவிட்டு வழி சொன்னார். "விர்ச்சுவல் அசிஸ்டென்ட்னு ஒண்ணு இருக்கு. நேர்ல வரமாட்டாங்க. எங்கயோ உக்காந்துகிட்டே ஃபோன், ஆர்டர், தேதி எல்லாம் பாத்துப்பாங்க. நாமதான் நாற்காலி போடணும், டீ வாங்கித் தரணும்னு ஒண்ணும் கிடையாது."

நாற்காலியும் டீயும் வேண்டாம் என்றதும் திரைக்காரர் விழுந்துவிட்டார். மறு வாரமே ஒரு கம்பெனியில் சேர்ந்து, கடைப் பலகையில் கம்பெனிக்குப் போகும் புது நம்பரை எழுதிவிட்டு வந்தார். "இனிமே நீ நிம்மதியா சும்மா இரு" என்றார் பெரிய மனசு பண்ணி.

இரண்டு நாள் இருந்து பார்த்தாள். வீடு காது அடைத்ததுபோல் கிடந்தது. மகளும் வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். மூன்றாம் நாள் மேஜையைத் துடைக்கும்போது, அவர் கொண்டுவந்து போட்டிருந்த கம்பெனி நோட்டீஸ் கையில் அகப்பட்டது. ஒரு பக்கம் தொழில் செய்கிறவர்களுக்கு. மறுபக்கம்: 'ஆட்கள் தேவை. வீட்டிலிருந்தே வேலை.' வீம்புதான், வேறென்ன, நம்பரை அழுத்திவிட்டாள்.

கம்பெனியை நடத்தும் அம்மாள்தான் பேசினார். "முன்னனுபவம் இருக்கா?"

"இருபத்திரண்டு வருஷம். திரைச்சீலைக் கடையில. ஃபோன், ஆர்டர் எல்லாம் நான்தான்."

"ஏன் விட்டீங்க?"

"விடலைங்க. வேற ஆள் போட்டுட்டாங்க."

"அடப்பாவமே. நல்லதாப் போச்சுன்னு வச்சுக்குங்க. இப்பத்தான் திரைக்கடைக்காரர் ஒருத்தர் சேர்ந்திருக்காரு. அந்தத் தொழில் தெரிஞ்ச ஆள் எங்ககிட்ட யாருமே இல்ல. அவரை உங்களுக்கே குடுத்துடறேன்."

இந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வெளியாளிடம் இந்த மனுஷர் எப்படித்தான் நடந்துகொள்கிறார் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அதை உள்ளே தள்ளிவிட்டது. "சரிங்க" என்றாள்.

மூன்று மாதம் தற்காலிகம். முடிவில் கடைக்காரர் நல்லபடியாக ஒரு கடிதம் கொடுத்தால் நிரந்தரம். இல்லையென்றால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கடைக்காரரோடு பேச்சு கிடையாது, எல்லாம் எழுத்தில்தான். 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது என்பதற்காக இந்தச் சட்டம். பெயரும் கிடையாது, எண்தான். அவள் பதினேழு. மகளுடைய பழைய கம்ப்யூட்டரைப் பின்னறையில் தூசி தட்டி வைத்தாள். மகள் விஷயத்தைக் கேட்டு ஃபோனிலேயே பத்து நிமிஷம் சிரித்தாள். அப்புறம் தமிழில் டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்தாள்.

அவளுக்கு அந்த வேலை வேண்டும். சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். இருபத்திரண்டு வருஷமாகச் செய்தது வேலைதான் என்று யாராவது ஒருவர் ஒரு காகிதத்தில் எழுதித் தர வேண்டும். போயும் போயும் அதை எழுத வேண்டியவர் திரைக்காரர்.

முதல் நாள் அவரிடமிருந்து வந்த செய்தி: 'வணக்கம் மேடம். தங்களுக்குச் சிரமம் கொடுப்பதற்கு மன்னிக்கவும். இன்றைய ஆர்டர் விவரம் கீழே.'

மூன்று தடவை படித்தாள். மேடம், தங்களுக்கு, மன்னிக்கவும். மூன்றும் ஒரே மூச்சில். ஒரு தடவை துணிக் கட்டை அவள் கால் மேல் போட்டபோதுகூட, "பாத்து நிக்கக் கூடாதா?" என்றுதான் கேட்ட மனுஷர். வீட்டில் புலி, வெளியில் எலி என்று கேள்விப்பட்டிருக்கிறாள். எலி இவ்வளவு அழகாகக் கடிதம் எழுதும் என்று தெரியாது.

முதல் வாரமே பதினேழு ஒரு விதி போட்டாள். 'வாடிக்கையாளரிடம் நாளைக்கு என்று சொல்ல வேண்டாம். தேதி சொல்லுங்கள். தேதியை நான் குறித்துக்கொண்டு உங்களுக்கு நினைவூட்டுகிறேன்.' ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது: 'அருமையான யோசனை மேடம். இத்தனை வருடமாக எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.'

அவள் எழுந்து போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

அன்று சாப்பிடும்போது அவர் பூரித்துப்போய் இருந்தார். "பதினேழு மேடம் ஒரு ஐடியா குடுத்தாங்க பாரு. நாளைக்குன்னே சொல்லக் கூடாதாம், தேதி சொல்லணுமாம். படிச்சவங்க படிச்சவங்கதான்."

"அடடா, இது நமக்குத் தோணாமப் போச்சே" என்றாள்.

"உனக்கு எப்படித் தோணும்? தொழில்ல இருக்கறவங்களுக்குத்தான் தோணும்." கொஞ்சம் மென்றுவிட்டு, "எள்ளுன்னா எண்ணெயா நிக்கறாங்க. வயசு முப்பதுகூட இருக்காது" என்றார்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா என்ன? அந்தச் சுறுசுறுப்புலயே தெரியுதே. எங்கயோ பெரிய ஆஃபீஸ்ல, ஏசியில உக்காந்திருப்பாங்க."

நாற்பத்து மூன்று வயதில், தலைக்கு மேல் கறக் கறக்கென்று சுற்றும் மின்விசிறிக்கு அடியில் வேலை பார்க்கும் அவளுக்கு அந்த முப்பது வயதுக்காரி மேல் ஒரு கணம் பொறாமை வந்தது. அடுத்த கணம் சந்தோஷம் வந்தது. சந்தோஷப்பட்டதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. கொல்லை முல்லைக்கு மணமில்லை என்பார்கள். முல்லை மேல் என்ன தப்பு? மூக்கு அடைத்துக்கொண்டிருந்தது.

வாடிக்கையாளர்களை ஏமாற்ற முடியவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கேட்ட குரல். பல் டாக்டரம்மா முதல் அழைப்பிலேயே பிடித்துவிட்டார். "ஏம்மா, நீங்கதானே? வேற ஆள் போட்டிருக்கேன்னு சொன்னாரே?"

"வேற ஆள்தான் டாக்டர். நான் பதினேழு."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் அங்கே நாற்காலியில் இருந்த நோயாளி பயந்துபோயிருப்பார். இப்படியே ஒவ்வொருவராக ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் திரைக்காரரிடம் மூச்சு விடவில்லை. சொன்ன தேதியில் திரை வந்து தொங்கியது. அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? கடை வாசலில் நின்று சத்தம் போட ஆளே இல்லாமல் போயிற்று. புது ஆர்டர்கள் வந்தன. திரைக்காரர் சட்டையை இஸ்திரி போட்டுப் போடத் தொடங்கினார்.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவருக்குக் கடைவாய்ப்பல் வலி வந்தது. டாக்டரம்மாவிடம் போனார். மரத்துப்போக ஊசி போடும் வரை பதினேழு மேடத்தின் புகழ்தான். வாயைத் திறந்து வைத்து டாக்டரம்மா உள்ளே குடைந்துகொண்டிருக்கும்போதும் கொஞ்சம் பாடியிருக்கிறார். டாக்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, குற்றவாளிக் குரலில் சொன்னார்:

"மன்னிச்சுக்கோம்மா. 'சொந்தப் பொண்டாட்டியை எத்தனை நாளைக்குத்தான் பதினேழுன்னு கூப்பிடுவீங்க'ன்னு கேட்டுட்டேன். திறந்து கிடந்தது அவர் வாய், உளறினது என் வாய்."

"அவர் என்ன சொன்னாரு?"

"என்னத்தைச் சொல்ல? வாயில பஞ்சு வச்சிருந்தேனே."

அவள் அன்று புயலுக்குக் காத்திருந்தாள். திரைக்காரர் வீங்கின கன்னத்தோடு வந்தார். அவளை ஒரு தடவை பார்த்தார், பின்னறைக் கதவை ஒரு தடவை பார்த்தார். கஞ்சி கேட்டார். குடித்தார். போய்ப் படுத்துக்கொண்டார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். போச்சு, கடிதம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் நான்காம் நாள் கடிதம் வந்தது. கம்பெனி அம்மாள் அதன் நகலை அவளுக்கு அனுப்பியிருந்தார். 'சும்மா சொல்லக்கூடாது, இவர் வந்த பிறகுதான் என் தொழில் தொழிலாக இருக்கிறது. மூன்று மாதமாக ஒருவர்கூட என் கடைக்குக் கோபமாக வரவில்லை. எந்த வீட்டில் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று இவருக்குத் தெரிவதுபோல் எனக்குக்கூடத் தெரியாது. என் கடை இவர் குரலில்தான் நிற்கிறது. இவரை நிரந்தரமாக்கத் தயங்க வேண்டாம்.' தெரிந்த பிறகு எழுதியது. யாரைப் பற்றி எழுதுகிறோம் என்று தெரிந்தே எழுதியது. அவளுக்குக் கண்ணீர் எழுத்தை மறைத்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு கீழே படித்தாள். கடைசி வரி: 'அடுத்த மாதம் முதல் எனக்குத் தங்கள் சேவை தேவைப்படாது. வேறு ஏற்பாடு ஆகிவிட்டது.'

வேறு ஏற்பாடு எது என்று அன்று சாயங்காலமே தெரிந்தது. பலகையில் எழுதிய அதே புது நம்பரை ஒரு ஃபோனில் போட்டுக் கொண்டுவந்து சமையல் மேடை மேல் வைத்தார். "எனக்கு எல்லாம் தெரியும். ஒண்ணாம் தேதிலேர்ந்து நீயே எடு" என்றார். பெரிய சூதாட்டத்தில் ஜெயித்தவர்போல முகம் மலர்ந்திருந்தது. "நம்ம வீட்லயே இருக்கறப்ப வெளியில எதுக்குக் குடுக்கணும்?"

அவள் ஃபோனை ஓரமாகத் தள்ளிவிட்டுக் காயை நறுக்கினாள். மறுநாள் கம்பெனி அம்மாள் கூப்பிட்டார். "உங்களை நிரந்தரமாக்கியாச்சு. இப்படி ஒரு கடிதம் எங்களுக்கு வந்ததே இல்ல. மாட்டு டாக்டர் ஒருத்தரும் சாவி கடைக்காரர் ஒருத்தரும் உங்களைத்தான் வேணும்னு கேக்கறாங்க. ஒண்ணாம் தேதிலேர்ந்து ஒன்பதுலேர்ந்து அஞ்சு வரைக்கும் அவங்க ரெண்டு பேருக்குத்தான். திரைக்காரர் விட்டுட்டாரேன்னு வருத்தப்படாதீங்க."

"வருத்தமெல்லாம் இல்லைங்க" என்றாள்.

ஒண்ணாம் தேதி ஒன்பதரைக்குச் சமையல் மேடையில் ஃபோன் அடித்தது. திரைக்காரர் குளியலறையிலிருந்து, "ஃபோன்! ஃபோன்!" என்று கத்தினார். பின்னறையில் அவள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, நொண்டும் பசுவைப் பற்றிக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தாள். ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் தலையில் சோப்பு நுரையோடு வந்து எட்டிப் பார்த்தார். அவள் கையை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினாள்.

அதற்குமேல் ஃபோனைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போனார். முதல் நாளே பதினோரு பேருக்கு 'நாளைக்கு' சொன்னார். இரண்டாம் நாள் அந்தப் பதினோரு பேரும் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் மூன்று பேர் நேரிலேயே வந்தார்கள். ஒருவர் பாதி தைத்த துணியை மெஷினிலிருந்து உருவிக்கொண்டே போய்விட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இந்த ஆண்டி ஊதினதோடு நிற்காமல், சங்குக்கு நற்சான்றிதழும் எழுதிக் கொடுத்திருந்தார்.

நான்காம் நாள் ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். கூடத்தில் உட்கார்ந்து கம்பெனிக்குப் பேசியது பின்னறையில் தெளிவாகக் கேட்டது. "மேடம், பதினேழு மேடமே திரும்ப வேணும்... அவங்க நேரம் முழுசா போயிடுச்சா?... இருபத்து மூணெல்லாம் வேணாம் மேடம், எனக்கு அவங்கதான்... என் கடிதத்தாலயா?... இல்லைங்க, உண்மையைத்தான் எழுதினேன்... சரிங்க."

பிறகு வந்து கதவருகே நின்றார். அவள் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை.

"அந்தக் கடிதம்" என்று அவளே ஆரம்பித்தாள். "என்னைப் பத்தின்னு தெரிஞ்சுதானே எழுதினீங்க?"

"தெரிஞ்சுதான்."

"அதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் கதவுத் தாழ்ப்பாளை மேலும் கீழும் ஆட்டினார். "எழுத வருது. சொல்ல வரமாட்டேங்குது."

"அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?"

"சும்மா கிடைக்கறதை எதுக்குப் போய்..." என்று தொடங்கியவர், தான் என்ன சொல்கிறோம் என்று தன் காதிலேயே விழுந்ததும் நிறுத்திக்கொண்டார். அவர் முகம் கறுத்தது. கல்யாணமானதிலிருந்து அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டது அன்றுதான்.

அவளுக்கு இரக்கம் வந்தது. ஆனால் இரக்கத்தில்தான் இருபத்திரண்டு வருஷம் போயிற்று என்பதும் நினைவுக்கு வந்தது. "அஞ்சு மணிக்கு மேல என் நேரம்" என்றாள். "அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் உங்க ஃபோனைப் பாக்கறேன். பகல்ல கூப்பிட்டவங்களுக்கெல்லாம் திருப்பிப் பேசித் தேதி குடுக்கறேன். கம்பெனிக்குக் குடுத்ததை என் கையில குடுங்க."

"வீட்டு ஆளுக்கே சம்பளமா?"

"வீட்டு ஆள் அந்த ரெண்டு மணி நேரத்துலதான் சமைக்கறா. உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க, அதைச் செய்யறேன்."

திரைக்காரர் நின்று யோசித்தார். இரண்டையும் செய்வது ஒரே ஆள், இரண்டுக்கும் நேரம் பிடிக்கும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. சட்டைப் பையிலிருந்த ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், துணியை உருவிக்கொண்டு போனவருடைய அண்ணன். அப்படியே அவள் மேஜை மேல் வைத்தார். "சமையலை நான் பாத்துக்கறேன்" என்றார், என்னமோ அவளுக்கு உத்தரவு போடுகிற தோரணையில். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அவள் ஃபோனை எடுத்து அண்ணனைச் சமாதானம் செய்து, வெள்ளிக்கிழமை பத்து மணி என்று குறித்துக்கொண்டாள். சமையலறையில் அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. ஒரு தட்டு விழுந்து சுழன்று ஓய்ந்தது. பிறகு அவர் குரல் வந்தது.

"அரிசி எங்க இருக்கு?"

பழக்க தோஷம், அவள் பாதி எழுந்துவிட்டாள். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

"தினமும் காலையில காபி டம்ளரை ஒரு டிரம் மேல வைப்பீங்களே. அதுக்குள்ளதான்."

சமையலறையில் அவர் காலடி டிரம் பக்கம் நகர்ந்தது. அப்புறம் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அவள் அடுத்த நம்பரை அழுத்தினாள்.